முன்கூட்டிச் சொன்ன நன்றி

அடைக்கலராஜின் வலது கையைப் பார்த்தால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஐந்து விரலும் இருந்தன. மணிக்கட்டில் ஒரு தழும்பு, அவ்வளவுதான். ஆனால் கம்பெனியில் தகடு அழுத்தும் பிரஸ் மெஷின் கடித்ததில் உள்ளே நரம்பு போய்விட்டது. ஒரு டம்ளரைப் பிடிக்க வக்கில்லை அந்தக் கைக்கு. துண்டாகப் போயிருந்தாலாவது நம்பியிருப்பார்கள். முழுசாகத் தொங்கிக்கொண்டு மானத்தை வாங்கியது சனியன்.

நஷ்டஈடு கேட்டு மனுப் போட்டிருந்தான். கை சரியாகிவிட்டது என்றார் கம்பெனி டாக்டர். இனி ஆகவே ஆகாது என்றார் யூனியன் காட்டிய டாக்டர். அது எழுபத்தொன்பதாம் வருஷம். மனு இழுத்துக்கொண்டே போனது.

அந்த நேரம் பார்த்து அவன் மனைவி செல்வமேரி ஒரு காரியம் செய்தாள். புனிதரிடம் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனால் அவள் பிறந்த வீட்டில் செய்வதுதான்: கிடைப்பதற்கு முன்பே கிடைத்துவிட்டதாக நன்றிப் பூசை வைத்துவிடுவது. நன்றியை வாங்கிக்கொண்ட புனிதர் சும்மா இருக்க முடியாதாம். ஞாயிறு பூசையில் சாமியார் மைக்கில் வாசித்தார்: "கை குணமானதற்காக அடைக்கலராஜ் குடும்பத்தார் அந்தோணியாருக்கு நன்றியாக ஒப்புக்கொடுக்கும் பூசை." அடைக்கலராஜுக்குத் தூக்கிவாரிப் போட்டது. முன் பெஞ்சில் கம்பெனி டைம் ஆபீஸ் பாக்கியநாதன் உட்கார்ந்திருந்தார். பாவம், கெடுதல் நினைக்கிற மனிதரில்லை. சந்தோஷம் தாளாமல் மறுநாளே மேனேஜரிடம் சொல்லிவிட்டார்.

மேனேஜர் சாரநாதன் ஸ்ரீரங்கத்துக்காரர், பெருமாளைச் சேவிக்காமல் வேலைக்கு வராதவர். அடைக்கலராஜைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அது முன்கூட்டிச் சொன்ன நன்றி என்று இவன் விளக்கினான். சொல்லச் சொல்லத் தனக்கே அது திருட்டுத்தனமாகப் பட்டது.

"சன்னிதியில நின்னு யாராவது பொய் சொல்வாளோ?" சாரநாதன் குரலில் கோபமே இல்லை. "அங்க சொன்னது பொய்யா, மனுவில எழுதினது பொய்யா? நீங்களே சொல்லுங்கோ."

எதைச் சொன்னாலும் மாட்டிக்கொள்வான். கோயிலில் சொன்னது பொய்யென்றால், பொய்யனின் மனுவை யார் நம்புவார்கள்? மெய்யென்றால் மனுவே எதற்கு? நாளையே பழைய மெஷினுக்கு வரச் சொன்னார். வராவிட்டால் வேலை போய்விடும் என்றார்.

"நல்லதுன்னு நெனச்சுத்தாங்க செஞ்சேன்" என்று செல்வமேரி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அவளைத் திட்டக்கூட அவனுக்குத் தெம்பில்லை.

மறுநாள் மெஷின் முன்னால் நின்றான். வலது கை தகட்டைப் பிடிக்க வேண்டும், இடது கை கைப்பிடியை இழுக்க வேண்டும்; இழுத்தால் மேல் அச்சு இறங்கி நசுக்கும். தகடு நழுவி விழுந்தது. எடுத்து வைத்தான், மறுபடி விழுந்தது. நடிக்காதே என்றார் சூப்பர்வைசர். வேடிக்கை பார்க்க நாலு பேர் கூடிவிட்டார்கள்.

மூன்றாம் தடவை தகட்டோடு கையும் அச்சுக்குள் நழுவியது. அடைக்கலராஜ் கையை வெளியே எடுக்கவில்லை.

"அந்தோணியாரே, இந்தத் தடவை எல்லாரும் பாக்குற மாதிரி எடுத்துக்குங்க" என்று முணுமுணுத்துவிட்டு, இடது கையால் கைப்பிடியைப் பிடித்தான்.