வெள்ளீயத்தில் முளைத்த முடி

எங்கள் திட்டத் தலைவர் காப்தெவில் சாக்லத்தீன் ரொட்டி வாங்கி வந்தால் யாருக்கோ உலை வைக்கப்போகிறார் என்று துலூஸ் நகரில், செயற்கைக்கோள் செய்யும் எங்கள் அலுவலகத்துக்கே தெரியும். அன்று அந்த ரொட்டிப் பெட்டியை நேராக என் முன்னால் வைத்தார்.

"மாயிலிஸ், இந்த ரிலேவுக்குக் கையெழுத்துப் போட்டுடு. எல்லாச் சோதனையும் தாண்டிடுச்சு."

"அதோட கால்ல பூசியிருக்கிறது சுத்த வெள்ளீயம். போடமாட்டேன்."

செயற்கைக்கோளில் எந்தப் பாகம் ஏறலாம், எது கூடாது என்று சொல்வது என் வேலை. அதனால் அங்கே என்னை யாருக்கும் பிடிக்காது. எனக்கும் அவர்களைக் கண்டால் ஆகாது. சுத்த வெள்ளீயம் பூசிய உலோகத்தில் நாளடைவில் வெள்ளீயமே மெல்லிய முடியாக முளைக்கும். ரிலே என்கிற அந்த மின் சுவிட்சில் அது ஒரு காலிலிருந்து பக்கத்துக் காலைத் தொட்டால் மின்சாரம் குறுக்கே பாய்ந்து எல்லாம் சாம்பல். துளி காரீயம் கலந்தால் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் வீட்டுச் சாமான்களில் காரீயம் கூடாதென்று சட்டம் வந்தபின் கலந்த சரக்கு அரிதாகிவிட்டது. அது கைக்கு வர அடுத்த கோடை வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் ராக்கெட்டில் காப்தெவில் பிடித்து வைத்த இடம் போய்விடும்.

அவர் தன் வழுக்கையைத் தடவினார். "என் தலையிலயே முளைக்க மாட்டேங்குது. இவ தகரத்துல முளைக்கும்கிறா!"

மேசையே சிரித்தது. என் பக்கத்தில் இருந்த ரெமியும் சிரித்தான். தினமும் என்னோடு மதியச் சாப்பாடு சாப்பிடுபவன். நான் ஊரில் இல்லாதபோது எனக்குப் பதிலாகக் கையெழுத்திடும் உரிமை உள்ளவன்.

"முளைக்கும்போது அது மேல இருக்கும், காப்தெவில். ஏணி வெச்சு ஏறுவியா?"

அவர் முகம் இறுகியது. "சரிங்க மேடம். இனிமே உங்களத் தொந்தரவு பண்ணல." இத்தனை வருடமாக நீ, வா, போ என்று பேசியவர். பெட்டி ரெமியின் பக்கம் நகர்ந்தது.

மறுநாள் என்னைக் கிடங்கு பார்க்கப் போர்தோ நகருக்கு அனுப்பினார்கள். திரும்பி வருவதற்குள் ரெமி கையெழுத்துப் போட்டிருந்தான்.

"வீட்டுக் கடன் இருக்கு, பசங்க இருக்காங்க. நீ தனி ஆள், உனக்கென்ன?" என்றான்.

"சாக்லத்தீன் நல்லா இருந்துச்சா?"

அதன்பின் நாங்கள் சேர்ந்து சாப்பிடவில்லை. மிஞ்சிய ரிலே ஒன்றை அவன் கண்ணில் படும்படி என் மேசை விளக்கடியில் வைத்தேன். செயற்கைக்கோள் ஏறியது. ஷாம்பெயின் பொங்கியது. எனக்குக் கோப்பை நீட்ட ஆளில்லை.

குளிர்காலம் போய் ஜன்னலில் வெயில் விழுந்த ஒரு காலையில், ரிலேவின் காலில் ஏதோ மின்னியது. லென்ஸை வைத்துப் பார்த்தேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பச்சையாகவே சொல்கிறேன், துள்ளிக் குதிக்கலாம் போல இருந்தது.

"ரெமி, இங்க வா. உன் கையெழுத்து முளைச்சிருக்கு."

குனிந்து பார்த்தான். முகம் வெளுத்துப்போனது. யாராவது வருகிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, அதைத் தேய்த்துவிட விரலை நீட்டினான். நான் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"இதைத் துடைச்சிடுவ. மேல இருக்கிறத யாரு துடைப்பா?"

அவன் கையை இழுத்துக்கொள்ளவில்லை. லென்ஸுக்குக் கீழே, அவனுடைய மூச்சுக்காற்றில் அந்த முடி அசைந்தது. பக்கத்துக் காலின் மேல் சாய்வதும் விலகுவதுமாக ஆடிக்கொண்டிருந்தது.