மார்ச் கடைசி வாரத்து அனுமதி

ஸ்டோனிபர்ன் பண்ணையின் பின்வேலியைத் தாண்டினால் அரசாங்கக் காடு. அங்கே வேட்டைக்குப் போக யார் வீட்டுக் கதவையும் தட்ட வேண்டியதில்லை. பெயரைப் பதிந்துகொண்டால் போதும். மான்களுக்கு அந்த வேலி ஒரு பொருட்டே இல்லை. இந்தப் பக்கம் மேய்ந்துவிட்டு அந்தப் பக்கம் போய்ப் படுத்துக்கொள்ளும். அப்படியிருந்தும் பெவன் இருபத்திரண்டு வருடங்களாக, மார்ச் கடைசி வாரம் கொம்பன் மான்கள் துணை தேடிக் கத்தத் தொடங்கியதும், முகம் மழித்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, ஒரு டப்பா சிப்பி இறைச்சியோடு பண்ணை வீட்டு வாசலில் போய் நின்று அனுமதி கேட்டுக்கொண்டிருந்தான்.

இறைச்சி ஆலையில் அவனோடு கத்தி பிடிக்கும் லிண்ட்சே இதைச் சொல்லிச் சொல்லிக் கிண்டல் செய்வான். "ஏண்டா, சும்மா கெடக்கிற காட்ட விட்டுட்டு அடுத்தவன் வாசல்ல போய் தொப்பியக் கழட்டிட்டு நிக்கிறியே, அந்த வீட்டு மான் மட்டும் என்ன தேன்ல ஊறிக் கெடக்கா?" பெவன் கத்தியைத் தீட்டிக்கொண்டிருப்பான். அந்த இருபத்திரண்டு வருடத்தில் ஸ்டோனிபர்னில் அவன் சுட்டது ஐந்தே மான்கள்.

கதவைத் திறப்பவள் எப்போதும் கிளெனிஸ். "வந்துட்டியா" என்பாள். சிப்பி டப்பாவை வாங்கிக்கொள்வாள். மழை, ஆட்டுக் கம்பளி, அவள் வளர்க்கும் தோட்டம் என்று பத்து நிமிடம் பேச்சு நடக்கும். பிறகு கணவனைக் கூப்பிடுவாள். ஹாமிஷ் வந்து, எந்தப் புல்வெளியில் ஆடுகள் நிற்கின்றன, எந்த கேட்டை மூட வேண்டும் என்று சொல்லி, தாளில் கையெழுத்திட்டுக் கொடுப்பான். அந்தப் பத்து நிமிடத்துக்காகத்தான் பெவன் வருடம் முழுக்கக் காத்திருந்தான்.

முப்பது வருடத்துக்கு முன் கிளெனிஸ் ஆலை அலுவலகத்தில் வேலை பார்த்தாள். ஒரு குளிர்காலம் பூராவும் சனிக்கிழமை நடனங்களுக்கு இருவரும் சேர்ந்தே போனார்கள். கல்யாணத்துக்குக் கேட்டுவிடலாம், அவசரம் என்ன, பனி விலகட்டும் என்று பெவன் இருந்தான். பனி விலகுவதற்குள் ஹாமிஷ் கேட்டுவிட்டான். பின்னால் பெவனும் ஒருத்தியைக் கட்டினான். ஆறு வருடம் இருந்தாள். சண்டை சச்சரவு எதுவும் இல்லாமலே பெர்த்துக்குப் போய்விட்டாள். போகும்போது, "நீ ஒருநாளும் முழுசா வீட்டுல இருந்ததில்ல பெவன்" என்று மட்டும் சொன்னாள்.

இந்த வருடம் அவன் போனபோது வாசலில் நாய்களைக் காணோம். கதவைத் திறந்த கிளெனிஸ் "வந்துட்டியா" என்று சொல்லவில்லை. "உள்ள வா" என்றாள்.

அவன் அந்த வாசற்படியைத் தாண்டியதே கிடையாது. பூட்ஸைக் கழற்றினான். காலுறையில் பெருவிரல் எட்டிப் பார்த்தது. அடுப்படியில் பாதி அலமாரிகள் காலியாகி, சுவரோரம் அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்தன. தேநீர் ஊற்றிக்கொண்டே அவள் விஷயத்தைச் சொன்னாள். ஜனவரியில் ஹாமிஷுக்குப் பக்கவாதம் வந்துவிட்டது. வலக்கையும் வலக்காலும் வரவில்லை, பேச்சு குழறுகிறது, நகரத்தில் பராமரிப்பு இல்லத்தில் இருக்கிறான். பண்ணையை ஒரு கம்பெனிக்காரர்கள் வாங்கிவிட்டார்கள், முழுக்க பைன் மரம் நடப் போகிறார்கள். மே முதல் தேதி கைமாறுகிறது. நாய்களைப் பக்கத்துப் பண்ணைக்காரர் கொண்டுபோய்விட்டார்.

அனுமதி கேட்க இது நேரமில்லை, கிளம்புகிறேன் என்று பெவன் எழுந்தான்.

"உக்காரு. நான் எழுதித் தரேன்" என்று அவள் ஒரு தாளை எடுத்தாள். அவன் பெயர், பண்ணையின் பெயர், ஏப்ரல் முப்பது வரை என்று நிதானமாக எழுதினாள். எழுதி முடித்தும் தாளைக் கொடுக்காமல் கையை அதன் மேலேயே வைத்துக்கொண்டாள்.

"பின்னால அரசாங்கக் காடு இருக்குன்னு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?"

பெவன் தேநீர்க் கோப்பையைப் பார்த்தான். காது சூடாகியது. "எப்ப தெரியும்?" என்றான்.

"மொத வருஷமே." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னாள். "நெல்சன் ஊர்ல இருக்கிற என் தங்கச்சிக்கு மார்ச் இருபத்தெட்டு பொறந்தநாளு. வருஷா வருஷம் கூப்பிடுவா. ஆட்டு வேல இருக்கு, முடியாதும்பேன். அந்த வாரத்துல ஆட்டுக்கு என்ன வேல கெடக்கு?"

அவள் தாளை மேசைமேல் அவன் பக்கமாக நகர்த்தினாள். கீழ்ப் புல்வெளியில் ஆடுகள் எதுவும் இப்போது இல்லை, எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்றாள்.

மறுநாள் விடியற்காலை அவன் மேலே ஏறினான். புல்மேட்டின் விளிம்பில் உட்கார்ந்து தொலைநோக்கியைக் கண்ணில் வைத்ததும், அது தன்னால் வீட்டுப் பக்கம் திரும்பியது. கிளெனிஸ் படுக்கை விரிப்புகளைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். ஒற்றை ஆள் கட்டிலுக்கானவை. எதிர்ச்சரிவில் ஒரு கொம்பன் நெஞ்சைக் கிழித்துக்கொண்டு கத்தியது. இன்னொன்று கீழே ஓடையிலிருந்து பதில் சொன்னது. பெவன் கொம்பன்களை விட்டுவிட்டான். ஓடையோரம் தனியாக மேய்ந்த இளம் பெட்டை ஒன்றைக் குறிபார்த்துச் சுட்டான். கறிக்கு அதுதான் நல்லது.

சுமந்து இறங்க மூன்று மணிநேரம் ஆயிற்று. கொட்டகையில் தொங்கவிட அவள் கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். ஈரலை எடுத்துப்போய் வெங்காயத்தோடு வதக்கினாள். இரண்டு தட்டு வைத்தாள். மூன்றாவது பங்கை முள்கரண்டியால் மசித்து டப்பாவில் அடைத்தாள்.

"அவருக்கு மான் ஈரல்னா உசுரு. வியாழக்கெழம நீயும் வரியா? உன்னக் கேட்டுக்கிட்டே இருக்காரு."

வியாழக்கிழமை போனான். ஜன்னலோரம் சக்கர நாற்காலியில் ஹாமிஷ் பாதியாக இளைத்திருந்தான். கிளெனிஸ் ஊட்டிய ஈரலை மெதுவாகத் தின்றான். பெவனையே பார்த்துக்கொண்டிருந்தான். வாயைக் கோணி, வெகுநேரம் முயன்று, "கேட்... மூடுனியா" என்றான்.

"மூடிட்டேன் ஹாமிஷ். எல்லாத்தையும் மூடிட்டேன்."

ஹாமிஷ் தன் இடக்கையை நீட்டினான். பெவன் அதைப் பிடித்துக்கொண்டான். இவனை வெறுத்திருந்தால் எவ்வளவு எளிதாக இருந்திருக்கும் என்று நினைத்தான், ஒருநாளும் முடிந்ததில்லை. வெளியே வந்ததும் கிளெனிஸ், இல்லத்துக்கு எதிரிலேயே சின்னதாக ஒரு வீடு பார்த்திருக்கிறேன், ஏப்ரல் இருபதாம் தேதி குடிபோகிறேன் என்றாள். பெட்டி தூக்க வரவா என்று கேட்டான்.

"வேணாம் பெவன். நீ வந்தேன்னா பெட்டி தூக்குறதோட நிக்காது. அவரு இருக்காரு."

"சரி" என்றான்.

தாளில் ஏப்ரல் முப்பது என்று இருந்தது. முந்தைய வருடங்களில் ஒரு சனி ஞாயிறோடு வேட்டையை முடித்துக்கொள்பவன், இந்த முறை விடுமுறை கிடைத்த நாளெல்லாம் போனான். இரண்டு தடவை துப்பாக்கியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனான். இருபதாம் தேதிக்குப் பிறகு கொடி வெறுமையாக இருந்தது. புகைபோக்கியில் புகை இல்லை. ஆனாலும் தொலைநோக்கி அங்கேதான் போயிற்று.

கடைசி நாள் அவன் இறங்கி வந்தபோது வீட்டு முன் ஒரு வண்டி நின்றது. நிலத்தை அளக்க ஆக்லாந்திலிருந்து கம்பெனி அனுப்பிய ஆள் முளைக்குச்சிகளை இறக்கிக்கொண்டிருந்தான். மரியாதையான ஆள்தான். இங்கே என்ன செய்கிறீர்கள் என்று கேட்டான். பெவன் தாளைக் காட்டினான். நாளையிலிருந்து செல்லாது, அடுத்த வருடம் வேண்டுமானால் கம்பெனி இணையப் பக்கத்தில் விண்ணப்பம் போடுங்கள், யாரையும் வந்து பார்க்க வேண்டியதில்லை என்று அவன் விளக்கினான். பெவன் தலையாட்டினான்.

அப்போது மேட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கத்தல் வந்தது. பருவம் முடிந்துகொண்டிருந்தது; அந்தக் குரல் தொண்டை கட்டி, பாதியில் உடைந்து, மறுபடி எழுந்தது. அளக்க வந்தவன் குச்சியோடு நிமிர்ந்தான்.

"அது என்னங்க, மாடா? எதுலயோ அடிபட்ட மாதிரி கத்துதே."

"மான்" என்றான் பெவன். "ஆண் மான். அடியெல்லாம் படல. துணையக் கூப்பிடுது."

"இன்னுமா? ஏப்ரல் கடைசியாச்சே."

"சில வருஷம் அப்படித்தான்" என்று சொல்லிவிட்டு பெவன் வண்டியில் ஏறினான்.