சண்டை வராது அம்மணி

சண்டை வராது, சண்டை வராது என்று குருமூர்த்தி ஒரே பாட்டைப் பாடிக்கொண்டிருந்தார். திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் லாரிகளுக்கு முதலாளி அவர். ஒரு லாரியை ஆப்பிரிக்கக் கரையில் ஒரு சின்ன நாட்டுக்குக் கப்பலேற்றியிருந்தார். அதோடு போனவன்தான் சௌந்திரத்தின் புருஷன் தீனதயாளன்.

அந்த நாட்டுத் துறைமுகத்துக்காக இரண்டு வல்லரசுகள் மல்லுக்கு நின்றன. ஒருத்தன் கடன் கொடுத்துக் கட்டினானாம். இன்னொருத்தன் காவல் காக்கிறேன் என்று போர்க்கப்பல்களைக் கொண்டுவந்து நிறுத்தினானாம். தூதர்களை மாறி மாறித் துரத்தியாகிவிட்டது. ஊருக்குச் சொந்தக்காரனை ஒரு வார்த்தை கேட்க நாதியில்லை.

அன்று காலை குருமூர்த்தியின் பட்டறையில் புது ரிக் வண்டிக்குப் பூஜை. டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்தாகிவிட்டது. சௌந்திரம் நேராக முதலாளியிடம் போனாள்.

"அண்ணா, அவுங்களை வரச் சொல்லுங்க. டிவியில எந்நேரமும் போர்க்கப்பலைத்தான் காட்டுறாங்க."

"நீ ஒண்ணு அம்மணி! பெரிய நாட்டுக்காரங்க அப்படித்தான் மொறைச்சுக்குவாங்க. கடைசில ஒண்ணா உக்கார்ந்து கையெழுத்துப் போட்டுட்டு டீ குடிப்பாங்க. தொளை போடுற ராடெல்லாம் குழிக்குள்ள கெடக்குது. அத்தனை இரும்பையும் உட்டுட்டு வரமுடியுமா? ராடை உருவுனதும் மொத ஃப்ளைட்ல வரட்டும்."

நேற்றும் இதையேதான் சொன்னார். பதில் சொல்ல வாயெடுத்தவள், சூடத்தட்டோடு வந்த பையனைப் பார்த்து நின்றுவிட்டாள். வழுவழுவென்று மொட்டை, அதில் சந்தனம். ஒரு நொடி அடையாளம் தெரியவில்லை. முதலாளியின் மகன் கோகுல்ராஜ். அந்த நாட்டில் ரிக் வேலையை மேற்பார்வை பார்த்தவன், தீனதயாளனோடு ஒரே அறையில் தங்கியிருந்தவன்.

"எப்ப வந்தே சாமி? மொட்டை எதுக்கு?"

"செவ்வாக்கிழமை வந்தேனுங்க அக்கா. நான் நல்லபடியா ஊடு வந்து சேரணும்னு அம்மா பழனிக்கு நேந்திருந்தாங்க."

"உள்ளே போடா!" என்று அதட்டினார் குருமூர்த்தி.

சௌந்திரத்துக்கு உச்சந்தலை பற்றி எரிந்தது. தன் பிள்ளையைப் பத்திரமாகக் கூப்பிட்டுக்கொண்டு, ஊரான் வீட்டு ஆம்பளையை இரும்புக்குக் காவல் வைத்திருக்கிறான் மனுஷன்! விடுவிடுவென்று நடந்து, உறுமிக்கொண்டிருந்த புது வண்டியின் முன்சக்கரத்தை ஒட்டிச் சப்பணமிட்டு உட்கார்ந்தாள்.

"சண்டை வராதுன்னா உங்க பையனுக்கு எதுக்குங்க மொட்டை? அவரைக் கெளம்பச் சொல்லுங்க. இல்லைன்னா எம்மேல ஏத்திட்டுப் போங்க."

பூஜைக்கு வந்த சனம் மொத்தமும் முதலாளியின் முகத்தைப் பார்த்தது. வேறு வழியில்லாமல் செல்போனை எடுத்து, எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டார்.

"தீனா, ராடு கெடந்துட்டுப் போகட்டும். இப்பவே கெளம்பு."

"எங்கீங்க போறது?" என்றான் தீனதயாளன். "விடியறதுக்கு முன்னாடியே குண்டு போட ஆரம்பிச்சுட்டானுங்க. ஏர்போர்ட்டை மூடியாச்சு. இதை நேத்துச் சொல்லியிருந்தீங்கன்னா..."

லைன் அறுந்துவிட்டது. குருமூர்த்தி திரும்பத் திரும்ப அழைத்துப் பார்த்தார். மணியே அடிக்கவில்லை.

"நம்ம கையில என்ன இருக்குது அம்மணி," என்றார்.

சௌந்திரம் அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை. தட்டோடு அங்கேயே நின்ற பையனைத்தான் கேட்டாள்.

"நீ வந்த ஃப்ளைட்ல எடம் இருந்துச்சா சாமி?"

கோகுல்ராஜ் அப்பாவைப் பார்த்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டான்.

"பாதி சீட்டு காலிங்க அக்கா."

அவள் எழுந்திருக்கவில்லை. யாரும் சொல்லாமலே டிரைவர் இன்ஜினை அணைத்தான்.