கோரலி வாங்கிய தொண்ணூற்றொன்று

கோரலியின் விடைத்தாளில் தொண்ணூற்றொன்று. வெர்னா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். நாற்பதைத் தாண்டாத பெண் ஒரே தாவலில் தொண்ணூறா? யார் காதில் பூச்சுற்றுகிறாள்!

கனடாவில், மானிட்டோபா மாகாணத்தின் அந்தச் சிற்றூர்ப் பள்ளியில் வெர்னாதான் கணக்கு டீச்சர். தேர்வன்று காய்ச்சலில் படுத்துவிட்டாள். அவளுக்குப் பதிலாக வந்த கிழவர் க்ளாஸன், பனித்தரையில் கல்லைத் தள்ளி ஆடும் கர்லிங் ஆட்டச் செய்தியில் மூழ்கிக் கிடந்திருப்பார். இவள் ஃபோனை மடியில் வைத்துக்கொண்டு வெளுத்து வாங்கியிருப்பாள். வெர்னாவுக்கு வயிறு எரிந்தது.

கால்நடை மருத்துவம் படிக்கப் போவதாக அந்தப் பெண் சொல்லித் திரிகிறாள். பன்னிரண்டாம் வகுப்பில் உயர்கணிதம் எடுக்காமல் அது நடக்காது. திருட்டு மார்க்கோடு அதில் உட்கார விடுவதா? கோரலியைத் தனியே வரச்சொல்லி ஒரு கேள்வித்தாளை நீட்டினாள்.

"ஃபோனை இங்க வை. இது வேற கேள்வி. இப்பவே எழுது."

வெர்னா வழக்கம்போல் பின்னால் போய் நின்றாள். மக்குப் பிள்ளைகளின் முதுகுக்குப் பின்னால் நிற்பதும், தப்புப் போட்டால் 'ச்சு' கொட்டுவதும் அவள் பழக்கம். எல்லாம் அக்கறைதான் என்பாள்.

கோரலி எழுதினாள், அடித்தாள், மறுபடி எழுதி மறுபடி அடித்தாள். கழுத்தெல்லாம் சிவந்துவிட்டது. முப்பத்தெட்டு.

"மாட்டிக்கிட்டியா? யாரைப் பாத்து எழுதின, சொல்லு."

"யாரையும் பாக்கல மிஸ். நீங்க பின்னாடி நின்னா எனக்கு ஒண்ணுமே ஓடாது. எப்ப ச்சு கொட்டுவீங்கன்னு காது அங்கயே நிக்குது."

"நல்லா கதை விடுற!"

ஆனாலும் மனசு அரித்தது. மறுநாள் வேறொரு கேள்வித்தாளோடு அவளை அலுவலகத்துக்கு அனுப்பி, பள்ளிச் செயலர் டோனெல்டாவின் எதிரே உட்கார வைத்தாள். டோனெல்டாவின் கண்ணில் யாரும் மண்ணைத் தூவ முடியாது. வந்தது எண்பத்தெட்டு.

"நீ கொஞ்சம் அசந்துட்டியோ?"

"நானா? பொய்க் காய்ச்சல் சொல்லி மட்டம் போடுறவங்களை ஃபோன்லயே பிடிக்கிறவ நான். பொண்ணு பாட்டு முணுமுணுத்துக்கிட்டு ஜாலியா எழுதுச்சு. அது ஃபெயிலானாத்தான் உனக்குத் தூக்கம் வருமா, வெர்னா?"

வெர்னாவுக்குச் சுருக்கென்றது. அவமானமாகவும் இருந்தது. கோரலியைக் கூப்பிட்டாள்.

"உன்னைத் தப்பா நினைச்சுட்டேன், மன்னிச்சுக்கோ. தொண்ணூத்தொண்ணு உன்னோடதுதான். அடுத்த வருஷம் உயர்கணிதம் எடு."

கோரலியின் முகம் மலர்ந்தது. பிறகு தயங்கிக் கேட்டாள்.

"அதுக்கும் நீங்கதான் வருவீங்களா மிஸ்?"

"ஆமா. இங்க கணக்குக்கு நான் ஒருத்திதானே."

"அப்ப வேண்டாம் மிஸ்," என்றாள் கோரலி, ரொம்ப மரியாதையாக.