முக்கால் கிலோ

பையைத் தூக்கிய மறுநொடியே அவளுக்குத் தெரிந்துவிட்டது, இது பன்னிரண்டு கிலோ இல்லை. ஏழு, மிஞ்சிப் போனால் ஏழேகால். பார்சல் ஆபீஸ் கவுண்டரில் பத்தொன்பது வருஷம் உழைத்த கை அது. வருகிறவர் மூட்டையை நீட்டும்போதே "நாலு முந்நூறு" என்று சொல்லிவிடுவாள். எடை மெஷின் சற்று யோசித்துவிட்டு அதையேதான் காட்டும். ஆபீஸில் அவளுக்குத் தராசு என்றே பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது.

அந்தப் பையை நேற்று சாயங்காலம் அவளே கட்டினாள். கூடாரம், அடுப்பு, கேஸ் டப்பா, கயிறு, இரண்டு லிட்டர் தண்ணீர், நான்கு நாள் சாப்பாட்டில் பாதி. மீதி அண்ணன் பையில். நாளைக் காலை முதல் பஸ். மலை நேராகக் கடலில் இறங்குகிற கரையோரம் நான்கு நாள் நடை. வழியில் ரோடு கிடையாது, கடை கிடையாது, போன் எடுக்காது. மூன்றாம் நாள் பாறைச் சுவருக்கடியில் ஏழு கிலோமீட்டர், கடல் வற்றியிருக்கும் நான்கு மணி நேரத்துக்குள் கடந்தாக வேண்டும். தனி ஆளை உள்ளே விடமாட்டார்கள், ஜோடியாகத்தான் அனுமதி. அந்த அனுமதிக்கு அண்ணனும் தங்கையும் இரண்டு வருஷம் காத்திருந்தார்கள். அவள் இருப்பது நாலாவது மாடி, அந்தக் கட்டடத்தில் லிப்ட் இல்லை. அதனால் பையைக் கீழ்த்தளத்தில் அண்ணன் வீட்டில் வைத்திருந்தாள். இப்போது, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மறந்துபோன டார்ச்சை உள்ளே போடத்தான் வந்தாள்.

பையைத் திறந்தாள். கூடாரம் இல்லை. அடுப்பு இல்லை, கேஸ் இல்லை, கயிறு இல்லை. அவை இருந்த இடத்தில் அவளுடைய கம்பளிச் சட்டையும் துண்டும் உப்பலாகத் திணிக்கப்பட்டிருந்தன. வெளியிலிருந்து பார்த்தால் பை நேற்று இருந்த அதே தொப்பையோடு இருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை.

மூலையில் அண்ணன் பை. ஒரு கையால் தூக்கப் பார்த்தாள், அசையவில்லை. இரண்டு கையாலும் தூக்கினாள். பதினேழரை.

"அண்ணா!"

அண்ணன் பின்கட்டிலிருந்து வந்தான், கையில் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்த பூட்ஸ். இருபத்தாறு வருஷமாக டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கிற இன்னொரு பிரேக்கை யாருக்கும் தெரியாமல் மிதிப்பதுதான் அவன் பிழைப்பு. கற்றுக்கொள்கிறவர்கள் தாங்களே வண்டியை நிறுத்தியதாக நினைத்துச் சிரிப்பார்கள். அவனும் சிரிப்பான்.

"என் டென்ட் எங்கே?"

"எங்கே போகும், பையிலதான் இருக்கும்."

"எந்தப் பையில?"

அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. பூட்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான், பதில் அதில் எழுதியிருப்பதைப் போல.

"இதுக்குப் போயி ஏன் பாப்பா கத்தறே? உனக்கு சிரமமா இருக்குமேன்னு கொஞ்சம் மாத்தி வச்சேன். போன வருஷமும்தான் மாத்தி வச்சேன், உனக்கு ஏதாவது தெரிஞ்சுதா? நல்லாத்தானே நடந்தே."

சொன்ன பிறகுதான் சொன்னது அவன் காதிலேயே விழுந்தது.

போன வருஷம். மூன்று நாள் காட்டு நடை. பதினோரு கிலோவைச் சுமந்து, ஒரு தடவைகூட உட்கார்ந்துவிடாமல் நடந்து முடித்தாள். திரும்பி வந்து ஆபீஸ் முழுக்கத் தம்பட்டம் அடித்தாள். "நாற்பது வயசுல பதினோரு கிலோ!" என்று மேனேஜர் வரைக்கும் சொன்னாள். அந்த மூன்று நாளும் எப்படி நடந்தது என்பது இப்போது ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. ஒவ்வொரு இடத்திலும் அண்ணன்தான் பையை எடுத்தான். "திரும்பு பாப்பா" என்பான், தோளில் மாட்டிவிடுவான். உட்கார்ந்தால் அவனே கழற்றி வைப்பான். பாசம் என்று நினைத்தாள். பையில் அவள் கை படாமல் பார்த்துக்கொண்டிருக்கிறான் திருடன்! கைக்குத்தான் எடை தெரியும், முதுகுக்கு என்ன தெரியும்?

அவளுக்கு உச்சந்தலை வரை எரிந்தது. அதைவிட, வெட்கமாக இருந்தது. அந்த வெட்கம்தான் கோபத்தை இன்னும் ஏற்றிவிட்டது.

"எவ்வளவு எடுத்தே?"

"விடு பாப்பா."

"பாப்பாவாம்! நாப்பத்தியோரு வயசாகுது எனக்கு. எவ்வளவு எடுத்தே?"

"ஆறு கிலோ இருக்கும்."

அஞ்சு கிலோவைச் சுமந்துவிட்டு ஊரைக் கூட்டியிருக்கிறாள்.

சமையலறை வாசலில் அண்ணி கை துடைத்தபடி நின்றிருந்தாள். "மீதியையும் சொல்லிடுங்க" என்றாள் கணவனிடம். "இல்லன்னா நான் சொல்லிடுவேன்."

"நீ வேற..."

"முட்டி போச்சு" என்று அண்ணி அவளைப் பார்த்துச் சொன்னாள். "போன வருஷ நடையிலதான். நடக்கலாமாம், படி ஏறலாமாம். ஆனா அஞ்சு கிலோவுக்கு மேல தூக்கக் கூடாதுன்னு டாக்டர் தலைதலையா அடிச்சுக்கிட்டார். இவரு பதினேழு கிலோவைக் கட்டி வச்சிருக்காரு. சொன்னா, 'அவ ரெண்டு வருஷமா ஆசைப்பட்டுட்டா'ங்கிறாரு."

அவள் அண்ணனின் காலைப் பார்த்தாள். ஒரு மாதமாக அவன் செருப்பு மாட்ட நாற்காலி தேடியது ஞாபகம் வந்தது. பாவம் என்று ஒரு கணம் தோன்றியது. ஒரே கணம்தான்.

"அந்தப் பாறைக்கடியில, தண்ணி ஏறுற நேரத்துல, பதினேழு கிலோவோட நீ உட்கார்ந்திருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்? டென்ட்டு உன்கிட்ட, கயிறு உன்கிட்ட. நான் துண்டை வச்சுக்கிட்டு நின்னிருப்பேன். நீ செத்ததுமில்லாம என்னையும் சேர்த்துக் கொன்னிருப்பே!"

"அப்படியெல்லாம் ஆகாது. நான் சமாளிச்சிருப்பேன்."

"எனக்குக் கார் ஓட்டக் கத்துக்குடுத்தியே, அப்பவாவது ஒரு நாள் பிரேக்லேருந்து காலை எடுத்தியா?"

அண்ணன் கையிலிருந்த பூட்ஸைக் கீழே வைத்தான்.

அவள் இரண்டு பைகளையும் தரையில் கவிழ்த்தாள். அண்ணன் பைக்கு ஸ்லீப்பிங் பேக், மாற்றுத் துணி, மருந்து, ஒரு லிட்டர் தண்ணீர். கையில் தூக்கிப் பார்த்தாள். நாலே முக்கால். மிச்சம் அத்தனையும் தன் பைக்குள் போட்டு முழங்காலால் அழுத்திக் கட்டினாள். பத்தொன்பதே முக்கால்.

"நாலு மாடி. மூணு தடவை ஏறி இறங்குறேன்" என்றாள். "முடிஞ்சா நாளைக்கு பஸ்ஸு. முடியலைன்னா அனுமதிச் சீட்டை நானே கிழிச்சுப் போடறேன். உன் தயவுல ஒரு அடி நடக்கமாட்டேன்."

"இருபது கிலோ! உன்னால..."

"ஏறட்டும், விடுங்க" என்றாள் அண்ணி.

பையை நாற்காலியில் ஏற்றி, அங்கிருந்து தோளுக்கு மாற்றினாள். "திரும்பு" என்று அண்ணனின் கை பழக்கத்தில் நீண்டது. அவள் பார்த்த பார்வையில் அது பாதியில் நின்றது.

முதல் தடவை கோபம் அவளைத் தூக்கிக்கொண்டு போனது. நாலாவது மாடியைத் தொட்டுவிட்டுக் கைப்பிடியைப் பிடிக்காமலே இறங்கினாள். இரண்டாவது தடவை கோபம் வியர்வையோடு வடிந்துபோய் எடை மட்டும் மிஞ்சியது. பட்டை தோளை அறுத்தது, இறங்கும்போது தொடை நடுங்கியது. அவன் சரியாகத்தான் கணக்குப் போட்டிருக்கிறானோ, நான் ஏழு கிலோ ஆள்தானோ என்று ஒரு நினைப்பு வந்தது. அன்றைக்கு அவளை மிக அதிகமாகச் சுட்டது அந்த நினைப்புதான். தண்ணீர்கூடக் குடிக்காமல் மூன்றாவது தடவை ஏறினாள்.

மூன்றாவது மாடித் திருப்பத்தில் கால் நின்றுவிட்டது. இன்னும் பதினெட்டுப் படி. கைப்பிடியைப் பிடித்து, மூச்சு இரைக்க, தரையைப் பார்த்தபடி நின்றாள். உட்கார்ந்தால் தீர்ந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு காலைத் தூக்கி மேல் படியில் வைத்தாள். உடம்பு சுலபமாக எழும்பியது. அடுத்த படியும் அப்படியே.

மூன்றாவது படியில் அவளுக்குப் புரிந்தது, இதற்குள் முதுகுக்கும் எடை தெரிந்திருந்தது. திரும்பிப் பார்க்கவில்லை.

"முக்கால் கிலோ குறையுது" என்றாள். "கையை எடு அண்ணா."

அந்த முட்டியோடு மூன்று மாடி பின்னாலேயே ஏறி வந்தவனின் மூச்சு மட்டும் கேட்டது.

"எடுன்னு சொன்னேன்."

பையின் அடியிலிருந்து உள்ளங்கை விலகியது. முக்கால் கிலோவும் முதுகில் வந்து இறங்கியது. அவள் அதை வாங்கிக்கொண்டு அடுத்த படியில் காலை வைத்தாள்.