இறந்தவர் முகவரியிலிருந்து ஒரு பதில்

மூட்டை சுமந்தே முதுகு போனவர் எலிசியோ. நாற்பத்திரண்டு வயதில் எழுத்துக் கற்று, பிலிப்பைன்ஸின் செபு துறைமுகத்துப் படகுக் கம்பெனியில் ஒரு படகு மூழ்கிய சில நாளில், மின்னஞ்சல் படிக்கும் நாற்காலிக்கு வந்து சேர்ந்தார். இன்னமும் திரையில் விரல் வைத்துத்தான் படிப்பார்.

கம்பெனி பயணிகள் படகுக்கு ஒரு பெயர் வைத்திருந்தது, சரக்குக்கு ஒரு பெயர், விபத்துக்குப் பிறகு வைத்த புதுப்பெயர் ஒன்று. மூன்று பெயரிலும் முகவரிகள் இருந்தன. எல்லாக் கடிதமும் வந்து விழுவது ஒரே பொதுப் பெட்டியில். வேலையை விட்டோ உலகை விட்டோ போய்விட்டவர்களின் முகவரிகளைக்கூட, அலுவலகக் கணினிகளைக் கவனிக்கும் மாரிவிக் மூடாமல் அந்தப் பெட்டியோடு இணைத்துவிட்டிருந்தாள். எந்த முகவரிக்குக் கடிதம் வந்ததோ, பதிலும் அந்தப் பெயரிலேயே போகும். வாடிக்கைக்காரர்கள் குழம்ப மாட்டார்களாம்.

கிறிசாந்தோவின் முகவரியும் அப்படித்தான் உயிரோடு இருந்தது. இரண்டு வருடம் முன்பு படகோடு மூழ்கியவர், அதில் பயணச்சீட்டு கொடுத்துவந்தவர் அவர், உடல் கிடைக்கவில்லை. திங்கள்தோறும் அவர் மனைவி நெனிடா எழுதுவாள். கூரை ஒழுகுகிறது, சின்னவளுக்கு மேல்பல் விழுந்துவிட்டது, உங்கள் பக்கத்துத் தலையணையை இன்னும் எடுக்கவில்லை. எலிசியோ படித்துவிட்டு ஒதுக்கி வைப்பார். யாரிடமும் மூச்சுவிடவில்லை.

அந்தத் திங்களன்று, 'சனிக்கிழமை உங்க பேரைக் கல்லறைக் கல்லுல வெட்டப் போறோம், கோவிச்சுக்காதீங்க' என்று எழுதியிருந்தாள். பண்டிகைச் சரக்கு நெரிசல், அறுபது கடிதங்கள் காத்திருந்தன. எதுவானாலும் ஒரு மணி நேரத்துக்குள் 'கிடைத்தது, கவனிக்கிறோம்' என்று பதில் போட வேண்டும் என்பது கம்பெனி வழக்கம். கலங்கிய கண்ணோடு இருந்தவரின் விரல் வழக்கம்போலத் தட்டிவிட்டது. அனுப்பிய பிறகுதான் மேலே பார்த்தார். கிறிசாந்தோ என்றிருந்தது.

இரண்டே நிமிடத்தில் பதில் வந்தது. 'நீங்களா? கல்லு வெட்டறதை நிறுத்தச் சொல்லிட்டேன். இதோ வர்றேன்.'

மாரிவிக் தலையில் அடித்துக்கொண்டாள். "ஏன் அண்ணே, பேய் எழுதுச்சுன்னு துறைமுகமே கூடிரும்! தப்பா போயிருச்சுன்னு உடனே ஒரு வரி போடுங்க."

"அது யார் பேர்ல போகும்?"

மாரிவிக் திரையின் மேலே பார்த்தாள், அங்கும் கிறிசாந்தோ என்றுதான் இருந்தது.

நெனிடா உதட்டுச் சாயம் பூசி, தேய்த்து மடித்த ஆண்சட்டை ஒன்றைக் கையில் பிடித்தபடி வந்தாள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

"எங்க அவரு?"

"நான்தான்மா எழுதினேன். கை தவறிருச்சு."

"பொய். உங்களைச் சொல்லச் சொன்னாரா? வேற எவகூடவாச்சும் இருக்காரா? இருக்கட்டும். நான் அடிக்க மாட்டேன், சொல்லுங்க."

"ரெண்டு வருசமா உன் கடிதாசியெல்லாம் படிச்சது நான்தான்."

"எல்லாத்தையுமா?" அவள் சட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "தலகாணி சமாச்சாரம்கூடவா? உங்களுக்கு வெக்கமா இல்ல?"

"இருக்கும்மா. படகு மூழ்கின அன்னிக்கு அதுல கடைசி மூட்டையை ஏத்தினது நான். நிறைஞ்சு போச்சுன்னு தெரிஞ்சும் ஏத்தினேன்."

நெனிடா சட்டையை மேசைமேல் வைத்தாள். பிறகு மாரிவிக் பக்கம் திரும்பினாள். "அந்தப் பேரை மூடு. என் கண்ணு முன்னால மூடு."

மாரிவிக் மூடினாள். நெனிடா தன் கைப்பேசியில் ஒரே ஒரு சொல்லை எழுதி அதே முகவரிக்கு அனுப்பினாள். மூவரும் காத்திருந்தார்கள். கடிதம் திரும்பி வந்தது. அவள் அதைச் சத்தமாகப் படித்தாள்.

"இந்த முகவரியில் அப்படி ஒருவர் இல்லை."

மறுபடியும் படித்தாள். "கம்பெனிக்காரன் காணோம்னான், கோர்ட்டுலயும் காணோம்னாங்க. இல்லைன்னு ஒருத்தர் வாய்லயும் வரல."

எலிசியோவிடம் கைப்பேசியை நீட்டினாள்.

"இதைத் தாள்ல எடுத்துக் குடுங்க. கல்லு வெட்டறவருகிட்டக் காட்டணும்."