பின்பக்க இடது டயர்

பெண் பார்க்க வந்தவர்களை வாங்க வாங்க என்று உள்ளே அனுப்பிவிட்டு, அய்யம்பெருமாள் மட்டும் வாசலிலேயே நின்றுகொண்டார். மாப்பிள்ளையை அவர் இன்னும் சரியாகப் பார்க்கவில்லை. மாப்பிள்ளை வந்த காரின் டயரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெரம்பலூர் நாலு ரோட்டுப் பக்கம் அவருக்கு டயர் கடை. முகத்தைக் கழுவிப் பவுடர் போட்டுக்கொண்டு எவன் வேண்டுமானாலும் வந்து சிரிக்கலாம், டயருக்கு அந்தக் கள்ளம் தெரியாது என்பது அவர் கட்சி. அப்படிப் பார்த்துப் பார்த்தே மகள் கவியாவுக்கு முப்பது முடியப்போகிறது. வாலிகண்டபுரத்து வரனுக்கு டயர் மொட்டை. உயிர்மேலேயே அக்கறை இல்லாதவன் என்று தள்ளினார். வரதராஜன்பேட்டை வரன் புது டயர் மாட்டி வந்தான். இன்றைக்கென்று மாட்டியிருக்கிறான், ஆள் நடிகன் என்று தள்ளினார். மனைவி பொன்னாயி ஒவ்வொரு தடவையும் அடுப்படியில் போய் மூக்கைச் சிந்திவிட்டு வருவாள்.

இந்த வரன் கீழப்பழுவூர்க்காரன். பெயர் அறிவரசன், அரியலூரில் ஒரு சிமெண்ட் ஆலையில் சூப்பர்வைசர். டயரில் புடைத்து நிற்கும் கம்பெனி எழுத்துகளுக்குப் பளிச்சென்று வெள்ளை தீட்டியிருந்தான். பெண் பார்க்க வருகிறவன் டயருக்கு எதற்கு வெள்ளை அடிக்கிறான்? எதை மறைக்கிறான்? போதாததற்குக் காரை மதிலோடு ஒட்டி நிறுத்தியிருந்தான். இடப்பக்க டயர்களைக் குனிந்து பார்க்கக்கூட வழியில்லை.

"சொல்லி அனுப்புறோங்க" என்று கும்பிட்டு அனுப்பினார். கவியா காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அதற்குப் பிறகுதான் விசாரிப்பு ஆரம்பமானது. ஆலை வாசல் டீக்கடை, சலூன், மாப்பிள்ளை படித்த பள்ளிக்கூடத்து வாட்ச்மேன் என்று ஒருவரையும் விடவில்லை. எல்லாரும் தங்கமான பையன் என்றார்கள். வேறு அப்பனாக இருந்தால் உச்சி குளிர்ந்திருக்கும். இவருக்குத் தூக்கம் போனது. ஓர் ஊரே சேர்ந்து ஒருவனை நல்லவன் என்றால் அதில் ஏதோ உள்குத்து இருக்கிறது என்று நினைத்தார். பொன்னாயியிடம் இதைச் சொன்னபோது அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

ஒரு மாதம் ஆயிற்று. நடுவில் இரண்டு மழை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறிக் கீழப்பழுவூரில் போய் இறங்கினார். கார் வீட்டு முன்னால் புங்கமரத்தடியில் நின்றது. கேட்டைக்கூடத் தட்டாமல் நேரே அதனிடம்தான் போனார்.

அவர் நினைத்தபடியே இருந்தது. முன் டயர் இரண்டிலும் வெள்ளை பொரிந்து பொருக்குப் பொருக்காக உதிர்ந்திருந்தது. பின்னால் வலப்பக்கமும் அப்படித்தான். ஆத்திரத்தோடு ஒரு திருப்தியும் வந்தது அவருக்கு. அதே திருப்தியோடு இடப்பக்கம் சுற்றி வந்தவர், பின் டயரைப் பார்த்ததும் சட்டென்று குத்தவைத்து உட்கார்ந்துவிட்டார்.

அதில் வெள்ளை ஓர் அணுகூட உதிரவில்லை.

நகத்தால் சுரண்டினார். வரவில்லை. தீட்டுவதற்கு முன்னால் சோப்புத்தூள் போட்டு பிரஷ்ஷால் தேய்த்து, பாலிஷ் பிசுக்கு போக உப்புத்தாளால் இழைத்து, தின்னர் துணியால் துடைத்திருக்கிறார்கள். மெல்லிசாக ஒரு பூச்சு, அது காய்ந்ததும் இன்னொன்று. அதெல்லாம்கூடப் பெரிதில்லை. எழுத்தின் ஓரத்தில் மயிரிழை அளவு சுற்றிலும் கறுப்பாகவே விட்டிருந்தது. டயர் ரோட்டில் அழுந்தும்போது முதலில் மடங்குவது எழுத்தின் ஓரம். பெயிண்ட் அதுவரை போனால் அங்கேதான் விரிசல் விடும், தண்ணீர் புகுந்து மொத்தத்தையும் கிளப்பிவிடும். இதைச் சொல்லிச் சொல்லி அவருக்குத் தொண்டை வற்றியதுதான் மிச்சம். கடையில் டயர் எழுத்துக்குப் பெயிண்ட் அடிக்கும் இரண்டு பேரும் கேட்டபாடில்லை. அந்த ஓரத்தை விட்டு எழுதுகிற கை உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் உண்டு. ஒன்று அவருடையது.

இன்னொன்று, காலேஜ் லீவில் கடையில் உட்கார்ந்து பொழுதுபோகாமல் பிரஷ் எடுத்தவளுடையது.

"வாங்கண்ணே! வெயில்ல ஏன் உக்காந்திருக்கீங்க?" என்று அறிவரசனின் அம்மா பாப்பாத்தி மோர்ச் செம்போடு ஓடிவந்தாள். பின்னாலேயே அறிவரசன், கைலியை இறக்கிவிட்டுக்கொண்டு வந்தான்.

"வாங்க மாமா."

"இன்னும் மாமா ஆவல. இந்த டயரை எழுதுனது யாரு?"

"நான்தாங்க."

"அந்த மூணும் நீங்க. அது பாத்தாலே தெரியுது. இது யாரு?"

அறிவரசன் அம்மாவைப் பார்த்தான், காரைப் பார்த்தான். "தெரிஞ்சவங்க ஒருத்தவங்க" என்றான். அய்யம்பெருமாள் மோரை வாங்காமலே எழுந்து நடந்தார்.

பஸ்ஸில் பல்லைக் கடித்துக்கொண்டே வந்தார். அரியலூரில் மருந்துக்கடை வேலை என்று தினம் போய்வருகிற மகள். தரகர் மூலம் ஜாதகம் வந்ததும், ஒன்றும் தெரியாதவள்போல் தலைகுனிந்து காபி கொடுத்ததும் நாடகம். ஊரெல்லாம் கள்ளனைத் தேடியவர் வீட்டுக்குள்ளேயே ஏமாந்திருக்கிறார். இந்த வரனை முறித்துவிட்டுத்தான் மறுவேலை என்று முடிவு கட்டினார்.

கவியா கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள்.

"பழுவூர் கார்ல ஒரு டயர்ல மட்டும் வெள்ளை உதிராம நிக்குது" என்றார்.

அவள் கையில் இருந்த துணி அப்படியே நின்றது. பிறகு நிதானமாக மடித்தாள்.

"எத்தினி நாளா?"

"மூணு வருசமாப்பா."

"எங்கிட்ட சொல்லணும்னு தோணல?"

"சொன்னா என்ன செஞ்சிருப்பீங்க? லவ்வுன்ன உடனே பித்தலாட்டக்காரன்னு சொல்லியிருப்பீங்க. அதான் தரகரை விட்டோம். நீங்க மாப்பிள்ளையைப் பாக்க மாட்டீங்க, டயரைத்தான் பாப்பீங்கன்னு தெரியும். டூட்டின்னு பொய் சொல்லிட்டு நாலையும் எழுதிடலாம்னு போனேன். ஒண்ணு முடியறதுக்குள்ள பஸ்ஸுக்கு நேரமாயிடுச்சு. மிச்சத்தை அவரு தேய்க்காம கொள்ளாம இழுத்து விட்டுட்டாரு. நல்லா இருந்த ஒண்ணையும் சுவரோட ஒட்டி நிறுத்திட்டாரு."

சிரிக்கத்தான் பார்த்தாள். அழுகை வந்துவிட்டது.

"இவரை வேணாம்னீங்கன்னா ஓடியெல்லாம் போவ மாட்டேன்ப்பா. ஆனா இனிமே எவன் முன்னாலயும் காபித் தட்டோட வந்து நிக்க மாட்டேன். இப்படியே இருந்துக்குறேன்."

பொன்னாயி கதவோரம் நின்றாள், மூக்கைக்கூடச் சிந்தவில்லை. சலூன்காரனிடம் கேட்டோம், வாட்ச்மேனிடம் கேட்டோம். இவளிடம் ஒரு வார்த்தை, உனக்குப் பிடித்திருக்கிறதா என்று கேட்டோமா? அய்யம்பெருமாள் யோசித்துப் பார்த்தார். வந்த வரன் ஒன்றுக்குக்கூடக் கேட்டதில்லை. வெட்கமாக இருந்தது.

படியில் உட்கார்ந்தார். "சரி. நீ சொல்லு. அவன் எப்படி?"

கவியா முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"சொன்ன நேரத்துக்கு ஒருநாளும் வந்தது கெடையாது. கோவம் வந்தா ரெண்டு நாளு பேச மாட்டாரு. எந்த வேலையும் பாதியில போதும்னுடுவாரு, நீங்களே பாத்தீங்கல்ல."

"அப்புறம்?"

"எனக்கு டெங்கு வந்து பெரிய ஆஸ்பத்திரியில கெடந்தப்ப, நீங்க ரெண்டு பேரும் தூங்குனதுக்கு அப்புறம் வந்து, வராண்டாவுல நின்னு பாத்துட்டுப் போவாரு. உள்ள வந்தா நீங்க தப்பா நெனப்பீங்கன்னு ஒருநாளும் உள்ள வந்ததில்ல."

ஒரு மாதமாக அத்தனை பேர் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட அய்யம்பெருமாள் நம்பவில்லை. மகள் சொன்னதை வரிவரியாக நம்பினார். பாக்கெட்டிலிருந்து போனை எடுத்து, பாப்பாத்தியின் நம்பரைத் தேடினார்.

"தங்கச்சி, நான் பெரம்பலூர்லேருந்து அய்யம்பெருமாள் பேசுறேன். மோரு குடிக்காம வந்துட்டேன், மனசுல வச்சுக்காதீங்க. பரிசம் எப்ப வச்சுக்கலாம்?"